குழாயடியில் நிற்கிறவள்

பிள்ளைகள் அவரை விசில் என்றார்கள். ஆசிரியர்கள் டிரில் மாஸ்டர் என்றார்கள். அவருக்கு இரண்டும் சம்மதம். அவர் பங்குக்கு அவரும் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருந்தார். கொக்கு, ஸ்பிரிங், முட்டி, தூங்குமூஞ்சி, பெரிய தூங்குமூஞ்சி. வீட்டில் வைத்த பெயர்களோடு அவருக்கு எந்தப் பழக்கமும் கிடையாது. விளையாட்டு வகுப்பில் யாரும் பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பதில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு பிள்ளை வந்தால், முகம் தெரிவதற்கு முன்பே நடையை வைத்து யாரென்று சொல்லிவிடுவார். வலது காலை லேசாக இழுத்தால் முட்டி. குதிகால் தரையில் படாமல் வந்தால் ஸ்பிரிங். தலைமையாசிரியை ஒருமுறை மாடியில் நின்று இதைச் சோதித்துப் பார்த்தார். "இவங்க மூஞ்சியை நீங்க பார்க்கிறதே இல்லையா சார்?" என்று கேட்டார். "மூஞ்சி எதுக்கு மேடம், அது ஓடாதே" என்றார் இவர்.

இளவயதில் அவரும் ஓடியவர்தான். முழங்கால் பாதியில் கைவிட்டது. ஓடியதற்குக் கிடைத்த சான்றிதழ்களைக் காட்டி இந்த வேலையில் சேர்ந்தார். சேர்ந்த நாளிலிருந்து அதே பள்ளி, அதே மைதானம். வேறு எங்கும் மாற்றல் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி மனைவி சொன்னபோதெல்லாம், அங்கே மைதானம் எப்படியோ என்பார்.

அந்த மைதானத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஓட்டத்தில் சுணங்கினாலோ வரிசையில் பேசினாலோ, "வெளியே போ. இனிமே உனக்கு இங்க வேலையில்ல" என்று கத்துவார். அந்தப் பிள்ளை மைதானத்து ஓரக் குழாயடிக்குப் போய்க் கைகளைப் பின்னால் கட்டி நிற்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் அழுவார்கள். பழையவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, சாவகாசமாக நிற்பார்கள். மணி அடிப்பதற்குள் அவர் எங்கோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு இரண்டு விரலை மடக்கிக் காட்டுவார். பிள்ளை ஓடிவந்து வரிசையில் சேர்ந்துவிடும். ஒருத்தரைக்கூட அவர் மணி அடிக்கும்வரை நிற்கவிட்டதில்லை. எங்கும் எழுதிவைக்காத சட்டம் அது. மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து நடந்துவந்தது. வெளியே அனுப்புவது அவர் வேலை, நிற்பது பிள்ளையின் வேலை, திரும்பக் கூப்பிடுவது மறுபடி அவர் வேலை.

பிறகு நோய்த்தொற்று பரவுகிறது என்று பள்ளியை மூடினார்கள். இரண்டு வாரம் என்றார்கள். இரண்டு வாரம் இரண்டு மாதமாகி, அதற்குப் பிறகு கணக்குப் பார்ப்பதை எல்லோரும் விட்டார்கள். பாடங்கள் போனுக்குள் குடியேறின. அறிவியல் டீச்சர் சமையலறையிலிருந்து நடத்தினார். வரலாற்று ஆசிரியர் கட்டிலில் உட்கார்ந்து நடத்தினார் என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டார்கள். டிரில் மாஸ்டருக்கும் வாரம் ஒரு வகுப்பு ஒதுக்கினார்கள். பிள்ளைகளின் உடல்நலம் முக்கியம் என்றார் தலைமையாசிரியை.

அவர் போனைக் குக்கர்மேல் சாய்த்துவைத்துவிட்டு, வெள்ளை பேன்ட் வெள்ளை சட்டையில் ஹாலில் நின்று குதித்துக் காட்டினார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். பாதிக் கட்டத்தில் முகம், மீதியில் வெறும் எழுத்து. ஒரு கட்டத்திலும் கால் தெரியவில்லை. "பின்னாடி போங்க, பின்னாடி போங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். பின்னால் போக யார் வீட்டிலும் இடம் இல்லை. யாரோ ஒருவனின் அப்பா துண்டு கட்டிக்கொண்டு வாயில் பிரஷ்ஷோடு குறுக்கே போனார். எல்லாக் கட்டங்களிலும் சிரிப்புக் கிளம்பியது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவருக்கே கொஞ்சம் உயிர் வந்தது. அடுத்த வாரம் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, கூரையிலிருந்து சுண்ணாம்பு கொட்டுகிறது என்றார். அதற்கடுத்த வாரம் பெற்றோர் இரண்டு பேர், பரீட்சை வருஷத்தில் பிள்ளைகளைக் குதிக்கவைப்பது எதற்கு என்று கேட்டு எழுதினார்கள். வகுப்பு நின்றது.

மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறவள். வீட்டில் வெளியே போய்வருகிற ஒரே ஆள் அவள்தான். மகள் பதினொன்றாம் வகுப்பு. உள்ளறையைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கப் பாடம் கேட்டாள். இவர் பாத்திரம் கழுவினார், துணி உலர்த்தினார், மிச்ச நேரத்தில் பால்கனியில் நின்றார். "ஏங்க, உங்களை இப்ப எதுக்குத்தான் வாத்தியார்னு வெச்சிருக்காங்க?" என்று ஒருநாள் மனைவி சிரித்தபடி கேட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால்தான் தலைமையாசிரியை அழைத்து ஒரு வேலை கொடுத்தபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பத்தாம் வகுப்பில் பல பேர் போன் வகுப்புக்கு வருவதில்லை. இப்படியே விட்டால் பொதுப் பரீட்சைக்குப் பதிவு செய்யும்போது பாதிப் பேரைக் காணோம் என்றாகிவிடும். "உங்க குரலுக்குத்தான் சார் அவங்க பயப்படுவாங்க. நீங்க பேசுங்க" என்றார். பெயர்களும் எண்களும் வந்து சேர்ந்தன. அவர் படித்துப் பார்த்தார். ஒரு பெயரும் பழகிய பெயராகத் தெரியவில்லை. அது அவருக்கு அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை.

பால்கனியில் உலரும் துணிகளுக்கு நடுவே நின்று பேசினார். பேசத் தெரிந்த விதம் ஒன்றுதான். மைதானத்தில் அந்தக் கோடிவரை கேட்க வேண்டிய குரலில், வகுப்புக்கு வா, வராவிட்டால் வெளியே போ என்றார். பெரும்பாலும் "சரி சார்" என்று பதில் வந்தது. மறுநாள் வந்தும் சேர்ந்தார்கள். "போன்ல எதுக்கு இப்படிக் கத்துறீங்க? பக்கத்து வீட்டுப் புள்ளையெல்லாம் அட்டென்ஷன்ல நிக்குது" என்றாள் மனைவி. அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்படி ஒரு சாயங்காலம் அடுத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தாழ்ந்த குரலில் ஒரு பெண் பேசினாள். பின்னால் யாரோ முனகுகிற சத்தம். ஏன் வருவதில்லை என்று கேட்டதும் அவள், "அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தாள். அன்றைக்குக் காலையிலிருந்து எத்தனையோ அம்மாக்களின் வியாதிகளைக் கேட்டு அவருக்குக் காது புளித்திருந்தது. "கதை வேணாம். நாளைக்கு வகுப்புல இருக்கணும். இல்லேன்னா வெளியே போ. இனிமே உனக்கு இங்க வேலையில்ல" என்றார். அந்தப் பக்கம் முனகல் மறுபடி கேட்டது. பிறகு, "சரி சார்." அவர் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினார்.

ஒரு மாதம் போனது. ஆங்கில டீச்சர் ஒருநாள் அழைத்தார். அவர்தான் பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. வெள்ளிக்கிழமையோடு பரீட்சைப் பதிவு முடிகிறது, ஒரே ஒரு பெண்ணின் போட்டோவும் பெற்றோர் கையெழுத்தும் வரவில்லை, கூப்பிட்டால் போன் போகவே இல்லை என்றார். இன்னொரு பிள்ளையின் அம்மா மூலமாக விசாரித்தால், பள்ளிக்கூடமே பேரை எடுத்துவிட்டது என்று அந்தப் பெண்ணின் அப்பா சொல்கிறாராம். "யாரு சார் எடுத்தா? நான் எடுக்கல. மேடமும் எடுக்கல." பெயரைச் சொன்னார். இவர், அப்படி யாரையும் தெரியாதே என்றார்.

"விளையாடாதீங்க சார். உங்க ரிலேல கடைசியா ஓடுவாளே, அவதான்."

"கொக்கா?"

"கொக்கு குருவியெல்லாம் எனக்குத் தெரியாது சார்."

அவர் பெயர்கள் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தார்; ஆங்கில டீச்சர் சொன்ன பெயருக்கு எதிரே அவர் போட்ட கோடு இருந்தது. குழாயடிக்கு அதிகமாகப் போனவள் அவள்தான். நன்றாக ஓடுகிற பிள்ளையைத்தான் அதிகமாக வெளியே அனுப்ப வேண்டும் என்பது அவர் கட்சி. அங்கே நிற்கும்போது ஒரு காலைத் தூக்கிக் கல்மேல் வைத்துக்கொள்வாள். பெயர் அப்படி வந்தது. கடைசி வளைவில் அவள் கால்கள் எப்படி நீளும் என்று அவருக்குத் தெரியும். ரிலே கட்டையை வாங்கப் பின்னால் நீட்டும் கை தெரியும். அவள் குரல் தெரியாது. மைதானத்தில் அவள் பேசி அவர் கேட்டதில்லை.

மறுநாள் தலைமையாசிரியையிடம் ஒரு அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். பாலத்தருகே போலீஸ்காரர் நிறுத்திக் கடிதத்தைப் படித்தார். "டிரில் மாஸ்டரா? பள்ளிக்கூடமே இல்ல, யாருக்கு டிரில்?" என்று கேட்டுவிட்டுத் தடுப்பை நகர்த்தினார்.

பஸ் ஷெட்டுக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். மூன்றாவது கதவு திறந்திருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா பாயில் படுத்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் அப்படியே கிடந்தாள். முதுகு பிடித்துக்கொண்டுவிட்டது, உட்கார முடியவில்லை என்றாள். அவள் வெங்காய ஷெட்டில் தரம் பிரிக்கிறவள். அங்கே ஒரு ஆள் வராவிட்டால் இன்னொரு ஆள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். பிறகு அந்த இடம் திரும்பக் கிடைக்காது. அவள் கணவர் தனியார் பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸெல்லாம் நிற்கின்றன. பேட்டரி செத்துப்போகாமல் இருக்கத் தினமும் போய் இன்ஜினை மட்டும் ஓடவிட்டுவிட்டு வருகிறார். அதனால் அம்மாவின் இடத்தில் மகள் போய் உட்கார்ந்தாள். இரண்டு மூன்று நாளைக்கு என்றுதான்.

"அப்புறம் அவளே வந்து சொன்னா. பள்ளிக்கூடத்துல போகச் சொல்லிட்டாங்கம்மா, இனிமே நானே ஷெட்டுக்குப் போறேன்னு. நாங்க யாரைப் போய்க் கேக்கிறது?" என்றாள் அந்த அம்மா. பிறகு அவரை உற்றுப் பார்த்தாள். "நீங்க எந்த சாரு?"

"விளையாட்டு."

"அப்ப உங்களை நல்லாத் தெரியும். எந்நேரமும் உங்க பேச்சுதான்."

அவர் வெங்காய ஷெட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

ஷெட் வாசலுக்கு எதிரே ஒரு லாரி நிழலில் நின்றார். வேலை முடிகிற நேரம். காற்றில் வெங்காய நெடி. எப்படியும் நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். கதவு திறந்து பெண்கள் வந்தார்கள். எல்லோர் முகத்திலும் மாஸ்க், தலையில் துணி, ஒரே மாதிரிப் பச்சை மேலங்கி. நாள் முழுக்க ஒரே வாக்கில் உட்கார்ந்திருந்த கால்கள். எல்லோரும் ஒரே நடை நடந்தார்கள். இடுப்பைக் கையால் தாங்கி, பாதத்தைத் தரையோடு தேய்த்து. அவர் ஒவ்வொரு ஜோடிக் காலாகப் பார்த்தார். கூட்டம் கரைந்தது. காவலாளி கதவில் ஒரு பாதியைச் சாத்தினார்.

"சார்."

முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டது. அவள் முன்பே அவரைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தாள். தலைத்துணியில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது.

"என்னைத் தேடியா சார் வந்தீங்க?"

"உன்னைத்தான்."

"உங்க எதிர்லதான் போனேன். நீங்க பார்க்கல."

அவர் லாரி நிழலிலிருந்து வெளியே வந்தார். ஏம்மா, சரின்னு சொல்லிட்டு ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"நீங்கதான் சார் வெளியே போகச் சொன்னீங்க."

"அது எப்பவும் சொல்றதுதானேம்மா."

"தெரியும் சார். அதான் கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். ஷெட்டுக்குக்கூட போனை நான்தான் எடுத்துட்டுப் போனேன். அப்பா திட்டினாரு. அப்புறம் ரீசார்ஜ் முடிஞ்சுபோச்சு."

"அது நீன்னு எனக்குத் தெரியாதும்மா."

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. புரியாமல்தான் கேட்டாள். "பேரைச் சொல்லித்தானே சார் கூப்பிட்டீங்க?"

இரண்டு பேரும் நடந்தார்கள். வண்டியில் ஏறச் சொல்ல முடியாது. இரண்டு பேர் ஒரே வண்டியில் போகக் கூடாது. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் கொஞ்சம் தள்ளி வந்தாள். கையெழுத்துக்கு அப்பா லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றாள். பள்ளிக்கூடம் போகச் சொல்லிவிட்டது என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார், இப்போது மாற்றிச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கும், நீங்களே சொல்லிவிடுங்கள் சார் என்றாள்.

அப்பா வந்திருந்தார். கையில் கிரீஸ். ஒரு நாற்காலிதான் இருந்தது, அதில் டிரில் மாஸ்டரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. நின்றபடியே, பள்ளிக்கூடம் யார் பேரையும் எடுக்கவில்லை, வராத பிள்ளைகளை வரவைப்பதற்காக எல்லோரிடமும் நான்தான் அப்படிச் சொன்னேன் என்றார். பாயில் கிடந்த அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பஸ்காரர் கந்தல் துணியில் விரல் விரலாகத் துடைத்தார்.

"அதாவது, பொய்."

"ஆமா."

"இப்ப சொல்றது மட்டும் நிஜம்னு நாங்க எப்படி சார் நம்புறது?"

டிரில் மாஸ்டர் வாயைத் திறந்தார். இத்தனை வருஷமும் அந்த வாய் சொன்னதைப் பிள்ளைகள் நம்பினார்களா, நம்பாததால்தான் பயப்படாமல் நின்றார்களா என்று அவருக்கு அப்போது தெரியவில்லை.

"நம்ப வேணாங்க. கையெழுத்து மட்டும் போடுங்க."

"கையெழுத்துக்கு என்ன, ஒரு நொடி. பஸ்ஸு ஓடுற நாளா இருந்தா உங்ககிட்ட சண்டை போட்டிருப்பேன். இப்ப அதுக்குக்கூடத் தெம்பு இல்ல" என்றார் பஸ்காரர். பிறகு மகளைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

அவள் அம்மாவின் முதுகைப் பார்த்தாள். தலைத்துணியை அவிழ்த்துச் சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டாள்.

"பரீட்சை எழுதறேன் சார். வகுப்புக்கு வர முடியாது. நான் எந்திரிச்சா அந்த இடம் போயிடும். அம்மா எப்ப உட்காருவாங்கன்னு தெரியல. மத்த பாடம் நானே படிச்சுக்குவேன். கணக்கு மட்டும் யாராவது சொல்லித் தரணும்."

வகுப்புக்கு வா என்று சொல்லத்தான் அவர் வந்திருந்தார். "சரிம்மா" என்றார்.

அப்பா கையெழுத்துப் போட்டார். போட்டோவும் வேண்டியிருந்தது. கதவை ஒட்டி நிற்கச் சொன்னார். அவள் மாஸ்க்கைக் கழற்றினாள். மூக்கின்மேல் குறுக்காகச் சிவந்த தடம். அது மறைகிறவரை கொஞ்சம் பொறுக்கலாமா என்று கேட்டார். "அது மறையாது சார். எடுங்க" என்றாள். திரும்பி வருகிற வழியில் கடையில் நின்று அவள் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆசிரியர்கள் குழுவில் தலைமையாசிரியை எழுதினார்: பத்தாம் வகுப்பில் ஒருவர் விடாமல் பதிவு முடிந்தது, இதற்காக வீடு தேடிச் சென்ற நம் விளையாட்டு ஆசிரியருக்கு நன்றி. கீழே கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மகள் உள்ளறையிலிருந்து ஓடிவந்து, "அப்பா, இன்னிக்கு நீங்கதான் ஹீரோ" என்று காட்டினாள். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்புறம் எதுக்கு மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள்.

அவர் ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி எழுதினார். அந்தப் பெண் பரீட்சைக்குத்தான் வருவாள், வகுப்புக்கு வரமாட்டாள், கணக்கு மட்டும் யாராவது சொல்லித் தர வேண்டும், அவள் நின்றதற்கு நான்தான் காரணம். அனுப்பினார். அதற்குக் கீழேயும் இரண்டு கைதட்டல்கள் வந்தன. படிக்காமலே தட்டியிருப்பார்கள்.

போன் அடித்தது. கணக்கு வாத்தியார். பள்ளியை மூடிய பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். பிள்ளைகளில் ஒருவரைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. வகுப்பில் தினமும் கட்டங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்றே தெரியவில்லை என்றார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு வகுப்பு இல்ல சார். அந்தப் பொண்ணைக் கூப்பிடச் சொல்லுங்க. கணக்குதானே, நான் சொல்லித் தர்றேன்."

"ஷெட்டுக்கு ஞாயித்துக்கிழமையும் லீவு கிடையாது சார்."

"சாயங்காலம்?"

"வந்ததும் உட்கார்ந்த இடத்துலயே தூங்கிடுறாளாம். அவங்க அப்பா சொன்னாரு."

"காலையில?"

"விடியறதுக்குள்ள வண்டி வந்து ஏத்திட்டுப் போயிடுது."

கணக்கு வாத்தியார் ஏதோ யோசிப்பது கேட்டது. பேனாவால் மேசையைத் தட்டினார்.

"அப்ப எப்பதான் சார்?"

டிரில் மாஸ்டர் போனோடு பால்கனிக்கு வந்து நின்றார். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.